பிச்சிச் சட்டிக்கு மூன்று கோட்டிங்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அம்மா ஒரு பிச்சிக்கொடி வளர்த்தாள். நாகர்கோவிலிலிருந்து கொண்டுவந்த கம்புகளில் மூன்று பட்டுப்போய், நாலாவது பிடித்து, பூக்கவும் ஆரம்பித்திருந்தது. சாயங்காலம் அவள்தான் மொட்டு பறிப்பாள். வேறு யாரும் கை வைக்கக் கூடாது. காற்று அடித்தால்கூட முறைப்பாள்.

எனக்குக் கொடியோடு தகராறு இல்லை. அது நின்ற சிமெண்ட் சட்டியோடுதான். சாம்பல் நிறம், அதன்மேல் பாசி, பாசிமேல் வெள்ளையாக உப்புக் கறை. சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, இரண்டு இன்டர்வியூவுக்கு நடுவில் சும்மா இருக்கும் ஒருத்தியின் கண்ணில் இது தினமும் படலாமா? போனில் பதினோரு வீடியோ பார்த்தேன். முடித்தபோது, சிமெண்ட் சட்டியைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் உலகத்தில் அந்தப் பதினோரு பேர்தான் என்று தோன்றியது. அவர்களிலும் இரண்டு பேர்மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது.

அம்மா சம்மதிக்கவில்லை.

"சட்டிக்கு என்னட்டி கொறச்சல்? பிச்சி என்ன, கண்ணாடி பாத்துட்டா பூக்குது?"

"அம்மா, சீல் பண்ணலன்னா ஈரம் உள்ளேருந்து வந்து பெயின்டைத் தள்ளிரும்."

"பெயின்டே இல்லியே, எதத் தள்ளும்?"

இதற்குப் பதினோரு வீடியோவிலும் பதில் இல்லை. ஒரு வாரம் நச்சரித்தேன். கடைசியில், "செடி மட்டும் பட்டுப்போச்சுன்னா, அந்தச் சட்டியில உன்னய நட்டுருவேன், கேட்டியா" என்று அனுமதி கொடுத்தாள்.

பழவங்காடிக் கடைத்தெருவில் மலையாளிப் பெயின்ட் கடைக்காரரிடம் போய் இருப்பதிலேயே கெட்டியான வாட்டர்ப்ரூஃப் சீலரைக் காட்டினேன்.

"மோளே, இது டெரசுக்கு அடிக்கிறதாக்கும். சட்டிக்குச் சின்ன டின் போதும்."

"டெரசும் கான்கிரீட், சட்டியும் கான்கிரீட், அங்கிள்."

அவர் கையிலிருந்த சின்ன டின்னைத் திரும்ப அலமாரியில் வைத்தார். "படிச்ச பிள்ளையாக்கும்" என்று சொல்லி, பெரிய வாளியை எடுத்து வைத்தார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பிச்சியை மண்ணோடு பெயர்த்து ஈரச் சாக்கில் வைத்தேன். சட்டியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்தேன். அடுத்து, பெயின்ட் அடிக்கும் முன் விரிசல், ஓட்டை எல்லாவற்றையும் அடைக்க வேண்டும் என்பது விதி. சட்டியில் மூன்று விரிசல் இருந்தது. அடியில் ஒரு ஓட்டையும் இருந்தது, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு. இவ்வளவு பெரிய குறையோடு ஒரு சட்டியை விற்றிருக்கிறானே என்று, செய்தவனைத் திட்டிக்கொண்டே சிமெண்ட் குழைத்து அடைத்தேன். பிறகு உள்ளும் புறமும் சீலர், மூன்று கோட்டிங். வெளியே நீலம், நீலத்தின்மேல் வெள்ளை முக்கோணங்கள். அம்மா மணிக்கொருதரம் மேலே வந்து, "காஞ்சாச்சா? செடி சாக்குல கெடக்குது" என்று கேட்டாள்.

நாலாம் நாள், அவள் கோயிலுக்குப் போன நேரத்தில் நானே நட்டுவிட்டேன். ஆரியசாலையில் கடை வைத்திருக்கும் அப்பா வீட்டுக்கு வந்ததும் மேலே ஏறிப் பார்த்தார். "நல்லாருக்கே மோளே. கப்பல் மாதிரி இருக்கு."

மறுநாள் ஐப்பசியின் துலாமழை ஆரம்பித்தது. தினமும் மதியத்துக்குமேல் இடி, பிறகு மழை. பெயின்டில் ஒரு கொப்புளம்கூட இல்லை. நான் குடை பிடித்துப் போய்ப் போட்டோ எடுத்தேன். ஒவ்வொரு போட்டோவிலும் இலை கொஞ்சம் கூடுதல் மஞ்சளாக இருந்தது. நீலத்துக்கு மஞ்சள் பொருத்தம்தான் என்று நினைத்தேன்.

கொசு ஒழிப்புக்கு வீடு வீடாக வரும் சுகாதாரத்துறை அக்கா, இங்கே சொல்வதுபோல் சேச்சி, ஒருநாள் மாடி ஏறினார். சட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"சேச்சீ, இது செடிச்சட்டியோ, மீன் தொட்டியோ?"

மண்ணுக்குமேல் நாலு விரல் தண்ணீர். அதில் கொசுப்புழுக்கள் நெளிந்தன.

"இங்க கொசுவுக்குப் பேரன் பேத்தியே ஆயாச்சல்லோ!"

அம்மா சட்டியைச் சாய்த்துப் பார்த்தாள். அடியைத் தடவினாள். "ஏட்டி, இங்கன இருந்த ஓட்டை எங்க?"

"அடைச்சேன்."

"எதுக்கு?"

"ஓட்டையா இருந்துச்சு."

சேச்சி தன் பதிவேட்டில் ஏதோ எழுதுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

சுத்தியலும் ஆணியும் எடுத்து ஓட்டையைத் திறக்கப் பார்த்தேன். ஆணி வளைந்தது. நான் படித்த படிப்புக்கு உருப்படியாகச் செய்த ஒரே வேலை அந்த அடைப்புதான்.

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். செடியைப் பிடுங்கி, அழுகிய வேரை எல்லாம் நறுக்கினாள். ஒரே ஒரு கிளை பச்சையாக இருந்தது. மீதியிருந்த சீலரை வேறு டின்னில் ஊற்றிவிட்டு, அந்தப் பெரிய வாளியைக் கழுவினாள். 'ஒரு சொட்டுகூடக் கசியாது' என்று அதில் அச்சடித்திருந்தது. கேஸ் அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, வாளியின் அடியில் ஐந்து ஓட்டை போட்டாள்.

"இதுக்கு எத்தனை வருஷம் படிக்கணும்ட்டி?"

சட்டி இப்போது அப்பாவின் அறையில், கூரை ஒழுகும் இடத்துக்கு நேர்கீழே இருக்கிறது. சொட்டு வெளியே போவதில்லை.

வாளியில் நட்ட பிச்சிக் கிளை ஒரு மாதம் அசையாமல் நின்றது. நான் தினமும் போய்ப் பார்த்தேன், தொடவில்லை. பிறகு ஒரு தளிர், அப்புறம் இரண்டு. முதல் மொட்டு போன வாரம் வந்தது. அம்மா பறித்துத் தலையில் வைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன்.

"அடுத்தது உனக்கு" என்றவள், வாளிக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுக் குனிந்து, ஐந்து ஓட்டையிலும் சொட்டுகிறதா என்று பார்த்தாள். வீட்டில் நான் இருக்கும்வரை இந்தச் சோதனை தினமும் நடக்குமாம்.