எரிமலைக்கு ஒரு பிராது

இன்று செராமிக் கம்பெனியில், பக்கத்தில் உட்கார்ந்து பொம்மைக்குப் பெயிண்ட் அடித்த செல்வி அக்காவுக்கு முகமே சரியில்லை. நியூசிலாந்தில் இருக்கும் மகன், மருமகளோடு ஹெலிகாப்டரில் ஏறி, எரிமலையையும் அதன் வாயில் தேங்கிய ஏரியையும் பார்க்கப் போகிறானாம்.

"பொகையுற மலைக்கு மேல எதுக்குடி பறக்கணும்? முருகன் கோயில்ல சீட்டெழுதி பிராது கட்டப்போறேன்."

"யாரு மேலக்கா? மலை மேலயா, ஹெலிகாப்டர் மேலயா?"

"மருமவ மேல. டிக்கெட்டு போட்டது அவதான்."

மதியம் மருமகள் வீடியோ காலில் வந்தாள்.

"அத்த, பச்சைப் பசேல்னு ஏரி, சுத்தி பொகை! நான் போயிட்டு வந்துட்டேன். உங்க புள்ளதான் பயந்துகிட்டு கீழயே நின்னுட்டாரு."

அக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எம்புள்ளைய வுட்டுட்டு இவ மட்டும் போயிருக்கா பாருடி!"

பிராது இன்னமும் மருமகள் மேல்தான். குற்றம் மட்டும் மாறியிருக்கிறது.

சாட்சிக்கு என்னைக் கூப்பிடுகிறார். போகவா, வேண்டாமா? சொல்லுங்கள்.