முதுகில் தட்டிய தாளம்

இன்று அலுவலக வராந்தாவில் ஃபினாயில் வாசம் வந்ததும், சாலையை அகலப்படுத்தியபோது இடிக்கப்பட்ட மறைமலைநகர் ஜெபக்கூடம் ஞாபகம் வந்தது. ஞாயிறு விடிந்தால் அம்மா அங்கேதான் இருப்பாள். ஃபினாயில் ஊற்றித் தரையைக் கழுவி, பாய் விரித்து, சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி, பாட்டுக்கு முன்னால் நின்று, ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டிருப்பாள்.

"சிஸ்டர், டோலக் அடிக்கிறவரு இன்னிக்கி வர்ல," என்று பாஸ்டர் தயங்கினால், "இன்னா இப்போ, நான் அடிக்கிறேன்," என்று முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஜடை பின்னியது அப்பா. ஆண்டவர்மேல் எனக்கு வயிறு எரியும். கழுவ, கதை சொல்ல, பாட, டோலக் அடிக்க என்று அவருக்கு மட்டும் எத்தனை அம்மாக்கள்!

ஒரு சனிக்கிழமை மதியம் எனக்கு ஜுரம். அம்மா என்னை மடியில் கவிழ்த்துப் போட்டு, முதுகில் தட்டித் தட்டி, நான் கேட்டேயிராத ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினாள். எனக்கே எனக்கென்று ஒரு பாட்டு என்ற சந்தோஷத்தில் தூங்கிப்போனேன்.

மறுநாள் ஜெபக்கூடத்தில் டோலக்கை மடியில் குறுக்கே போட்டுக்கொண்டு அம்மா அதே பாட்டைத் தொடங்கினாள். விரல்கள் அதே தாளத்தைத் தட்டின, ஒரு தட்டுகூடப் பிசகாமல்.