சாட்டிக் கருமணல்

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தோடு பேராதனையில் என் புவிச்சரிதவியல் படிப்பு இடையில் நின்றது. யாழ்ப்பாணத்தை அடுத்த தீவில், கரம்பொன்னில் வீட்டோடு இருந்த நான், அடுத்த வருடம் சாட்டிக் கடற்கரையில் கோடுபோலப் படிந்து கிடந்த கருமணலைக் கண்டேன். சைக்கிளில் போய் அள்ளிவந்து, கழுவிக் காயவைத்து, மேலே காந்தத்தைப் பிடித்தேன். கறுப்பு மணிகள் ஒட்டிக்கொண்டன. தேன் நிறத்தில் கொஞ்சம் மிஞ்சியது. மொனசைட்டாக இருக்கலாம் என்று தோன்றியது. சீரியம், லந்தனம் போன்ற அருமண் மூலகங்கள் அடங்கிய கனிமம் அது. எங்கள் தீவோ வெறும் சுண்ணாம்புக்கல். ஆழத்தில் வெந்து, நெரிந்து, உருமாறிய மலைநாட்டுப் பாறைகளில்தான் இது பிறந்திருக்கும். அவை தேய்ந்து ஆற்றோடு வந்ததைக் கடல் இங்கே ஒதுக்கியிருக்க வேண்டும்.

பேராசிரியருக்குத் தபாலில் அனுப்புவதற்காகக் கண்ணாடிப் போத்தலில் அடைத்தபோது பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டார்.

"என்ன பிள்ளை, வெடிமருந்தோ?"

"இல்லை அக்கா, மண். நாளைக்கு யாழ்ப்பாணம் கொண்டுபோறன்."

"மண்ணை ஆர் போத்தலிலை அடைக்கிறது?" அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் பண்ணைப் பாலம் தாண்டியதும் இராணுவம் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கியது. என் பையைத் திறக்குமுன்பே ஒரு சிப்பாய், "போத்தல் எங்கே?" என்று கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். அவன் மணலைக் கல்லில் கொட்டி நெருப்புக்குச்சியைக் கிழித்து வைத்தான். எரியவில்லை. மலைநாட்டிலிருந்து வந்த மண் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். தன் ஊரும் மலைநாடுதான் என்று சிரித்தான். போத்தலை மட்டும் வைத்துக்கொண்டு என்னை விட்டான்.

பஸ்ஸில் மறுபடி ஏறி உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

பின்னேரமே அக்கா வந்தார். "எல்லாரையும் வெருட்டுறவங்கள் உம்மை மட்டும் சிரிச்சு அனுப்பினவங்களாம்?"

"போத்தல் இருக்கெண்டு அவங்களுக்கு ஆர் சொன்னது, அக்கா?"

அவருடைய முகம் கறுத்தது. "என்னையோ கேக்கிறீர்?" என்றவர் திரும்பிப் பாராமல் போனார்.

மூன்றாம் நாள் யாழ்ப்பாணம் போய்வந்த அப்பா சொன்னார்: "போத்தல் எங்கை, போத்தல் எங்கையெண்டு பாலத்தடியிலை ஆமிக்காரர் ஒவ்வொருத்தரையும் கேக்கிறாங்கள். ஏனெண்டு தெரியேல்லை."

எனக்கு வெட்கமாகிவிட்டது. உடனே அக்காவிடம் போய், "பிழையா நினைச்சிட்டன், குறை நினையாதேங்கோ" என்றேன். அவர் இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டவில்லை.

"அது சரி பிள்ளை. சிங்களத்திலை அவனோடை என்ன கதைச்சனீர்?"