ஆடும் நாற்காலியின் வலது கட்டை

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கிற வேலை. லைனில் வரும் பாகத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் போதும், சிவப்பு அட்டையைக் கட்டி ஓரம் வைத்துவிடுவேன். விரிசலை யாராவது பூசி மறைத்திருந்தால் ஷிஃப்டுக்கே கேட்கும்படி கத்துவேன். கறார் பேர்வழி என்று பெயர் வாங்கியவன். அந்தப் பெயரில் எனக்குத் திமிரும் உண்டு.

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு மரவேலைக்கு வைத்துக்கொண்டேன். மனைவிக்கு முதுகு வலி. அவளுக்காக ஆடும் நாற்காலி ஒன்று செய்ய ஆரம்பித்தேன். கம்பெனிகளுக்கு மிஷின்கள் வந்து இறங்கும் பெட்டிகளின் பைன் பலகை பழைய சாமான் கடையில் கிடைக்கும். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, நான்கு மாதம் லீவு நாளெல்லாம் அதிலேயே போயிற்று. அந்த நாற்காலிக்கு அடியில் வளைவாக வரும் இரண்டு கட்டைகள்தான் உயிர். வலது கட்டையை அறுத்து இழைத்து முடித்த பிறகு, பழைய ஆணி ஓட்டையிலிருந்து ஒரு விரிசல் ஓடுவதைப் பார்த்தேன். வேறு பலகை இல்லை. வருகிற ஞாயிறு மச்சினி குடும்பம் வருகிறது. நாற்காலியைக் காட்டிப் பெருமையடிக்க எனக்கு அவசரம். மரத்தூளைப் பசையில் குழைத்து மக்கு அடைத்து, தேய்த்து, பாலிஷ் போட்டேன். என் கண்ணுக்கே தெரியவில்லை.

ஞாயிறன்று மச்சினி, அவள் புருஷன், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் சுற்றி நிற்க, மனைவி வெட்கப்பட்டுக்கொண்டே உட்கார்ந்தாள். மூன்றாவது ஆட்டத்தில் கட்டை சடக்கென்று முறிய, அவள் பக்கவாட்டில் சரிந்தாள். முழங்கை சிராய்த்துவிட்டது. ஓடிப்போய்த் தூக்கியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் என் வாய் திறந்தது.

"மெதுவா உக்காரக் கூடாதா? இந்த வெயிட்டுக்கு இரும்புலதான் செய்யணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மதியம் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, தன் தட்டில் ஒரு கரண்டி சோறு மட்டும் போட்டுக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. கேட்டால் "பசி இல்ல" என்பாள். பத்து நாள் அதைப் பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்து வயிறு முட்டத் தின்றேன். என்னை நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருந்தது.

பதினோராம் நாள் காலை, அவள் அடுப்படியில் தனியாக இருந்தபோது முறிந்த கட்டையை எடுத்துப்போய்க் காட்டினேன்.

"உன் மேல தப்பே இல்ல. விரிசல் இருந்துச்சு. தெரிஞ்சேதான் மக்கு அடைச்சேன்."

கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கு அத்தினி பேர் எதிர்ல சொன்னீங்க. இத மட்டும் வந்து காதுல சொல்றீங்க."

அடுத்த ஞாயிறே மச்சினி குடும்பத்தையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் சாப்பிடக் கூப்பிட்டேன். கட்டையை நடுவில் வைத்து, ஒன்று விடாமல் சொன்னேன். மச்சினி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நீங்களாவது விரிசல மறைக்கிறதாவது! அக்கா மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பழிய உங்க மேல போட்டுக்கினு கீறீங்க மாமா."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். சத்தியமாகத்தான் என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மனைவி இலை போட்டாள். எனக்கு நிறையச் சோறு வைத்தாள். தனக்கு ஒரு கரண்டி.