"திங்குதா, நர்சம்மா?"

திருச்சியிலிருந்து தந்தி வந்தபோது நான் வார்டில் ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஆஸ்பத்திரி லேப்பைப் பார்த்துக்கொண்ட சவரிமுத்து அண்ணன் போய்விட்டார். அரியலூரில் அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் அழுதீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. காரணத்தை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் வரதராசன்பேட்டைக்காரர், வாய் ஓயாதவர். ஒருநாள் ஏரித் தண்ணீரில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு என்னை இழுத்து வந்தார். கூழ்த்துளி போன்ற ஓர் உயிரணு, தன் உடம்பையே இரண்டு கையாக நீட்டி, பாசித் துணுக்கு ஒன்றை வளைத்து உள்ளே அடைத்துக்கொண்டது.

"வாயே இல்லாம திங்குது பாருங்க நர்சம்மா! தண்ணியையும் இப்படித்தான் மடிச்சு மடிச்சுக் குடிக்குமாம். நம்ம ரத்தத்துல இருக்கிற வெள்ளையணுவும் இதே கூட்டந்தான். கிருமியத் திங்கிறதுதான் அதுக்கு உத்தியோகம்."

அதன்பிறகு அவர் நோயாளிகளின் சீழை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போதெல்லாம் வாசலில் நின்று, "திங்குதாண்ணே?" என்பேன். கிருமிகள் வெள்ளையணுவுக்குள் கிடந்தால் "திங்குது" என்பார். வெளியே கிடந்தால் பேசமாட்டார்.

யுத்த காலம். புது ஸ்லைடு வருவதில்லை, பழைய கண்ணாடிகளையே கழுவிக் கழுவி வைத்துக்கொண்டோம். ஓரம் உடைந்ததை மட்டும் எறியச் சொல்லியிருந்தார். குன்னத்திலிருந்து வந்த ஒருத்தியின் சீழ் தடவிய ஸ்லைடில் ஓரம் கொஞ்சம் பெயர்ந்திருந்தது. வீணாக்க மனம் வராமல் அதைக் கழுவுகிற தட்டில் போட்டவள் நான். அதுதான் கழுவும்போது அவர் விரலைக் கிழித்தது.

மூன்றாம் நாள் முழங்கை வரை வீங்கிவிட்டது. கிருமியை அடக்கும் சல்பா மாத்திரைக்கும் கேட்கவில்லை. அவரால் எழுந்திருக்க முடியாததால் அவருடைய சீழை நானே பார்த்தேன். வெள்ளையணுக்கள் உடைந்து கிடந்தன. கிருமிகள் எல்லாம் வெளியே, கோத்த மணிபோல் நீளம் நீளமாக இருந்தன.

கட்டிலிலிருந்து கேட்டார்: "திங்குதா, நர்சம்மா?"

"திங்குதுண்ணே."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி. அந்த ஓரம் போன ஸ்லைடை இன்னிக்காவது தூக்கி எறிஞ்சிருங்க" என்றார். அன்று மாலையே அவரைத் திருச்சிக்கு ரயிலேற்றினார்கள்.

நான் எறியவில்லை. கொதிக்க வைத்து, பஞ்சில் சுற்றி என் பெட்டியில் வைத்திருக்கிறேன். அவருடையதென்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். வேறு ஆள் வரும்வரை லேப்பை நான்தான் பார்க்க வேண்டுமாம். நாளைக் காலை இரண்டு பேருடைய சீழைப் பார்க்க வேண்டும். வாசலில் யாராவது வந்து நின்று "திங்குதா?" என்று கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.