மூக்கு சொன்ன விடை

நான் வேலை செய்யும் ஜெர்மனி ஆய்வகத்தில் எந்த வாசனையும் கிடையாது. நாள் முழுக்கப் புதுப்புது மருந்து மூலக்கூறுகளைச் செய்து பார்க்கிற இடம்தான். ஆனால் ஆவியை எல்லாம் கண்ணாடிக் கூண்டுகள் உறிஞ்சிவிடுகின்றன. வந்த முதல் வாரம் எனக்குச் சளி பிடித்துவிட்டதோ என்று சந்தேகமே வந்தது.

தஞ்சாவூரில் நான் படித்த கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்துக்கு யாரும் வழி கேட்க வேண்டாம், மூக்கே கூட்டிப் போகும். செய்முறைத் தேர்வில் பெயர் சொல்லாமல் ஒரு பொருளைக் கொடுத்து, என்னவென்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ஒழுங்காகச் செய்தால் மூன்று மணி நேரம். நாங்களோ முதலில் முகர்ந்து பார்ப்போம். ஆஸ்பத்திரித் தரை வாசம் என்றால் பீனால், மூட்டுவலித் தைலம் என்றால் மெத்தில் சாலிசிலேட். விடையை எழுதிவிட்டுச் சோதனைகளைப் பின்னாலிருந்து நிரப்புவோம். "மூக்கு இருக்குல்ல? அப்புறம் ஏன் முழிக்கிற?" என்பார் ஆய்வக உதவியாளர் செல்வம் அண்ணன். லேபிள் உரிந்த பாட்டில்களை அவரும் அப்படித்தான் அடையாளம் கண்டார்.

போன மாதம் சக ஆய்வாளன் யோனாஸ், செல் சோதனைக்குப் போகவிருந்த ஒரு பொடியை எடை போட என்னிடம் தந்தான். மூடியைத் திறந்ததும் என் கை தானாகக் காற்றை மூக்கின் பக்கம் விசிறியது. கருவாட்டு வாடை. கழுவி நீக்கியிருக்க வேண்டிய அமீன் என்ற வேதிப்பொருள் உள்ளேயே இருக்கிறது. அப்படியே போனால் செல்கள் செத்தது மருந்தாலா அமீனாலா என்று யாருக்கும் தெரியாது. அனுப்பாதீர்கள் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார் குழுத்தலைவி காத்ரின். முகர்ந்தேன் என்றேன். "எவ்வளவு நேரம்?" என் வேகத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, ஒரே நொடி என்றேன் பெருமையாக. "தலை சுற்றுகிறதா?" என்று அடுத்துக் கேட்டபோதுதான் விளங்கியது.

கருவியில் பார்த்ததில் அமீன் இருந்தது உறுதியானது. ஒரே மின்னஞ்சலில் நன்றியும் தண்டனையும் வந்தன. இரண்டு வாரம் ஆய்வகத்துக்குள் நுழையக் கூடாது. பிறகு முதலாண்டு மாணவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வேண்டும். அதைப் பார்த்தபிறகே என் வேலையை நீட்டிப்பதா என்று முடிவு.

பூதலூரில் இருக்கும் அப்பாவிடம் புலம்பினேன்.

"பூச்சி மருந்து டப்பாலயே மோந்து பாக்கக் கூடாதுன்னு போட்டுருக்கானே, நீ படிக்கலயா?"

"நீங்க மட்டும் வயலுக்கு அடிக்கிறப்ப மோந்து பாத்துத்தானே கலக்குறீங்க?"

"நான் என்னம்மா கெமிஸ்ட்ரியா படிச்சேன்?"

கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டேன். ஆனால் செல்வம் அண்ணனின் இருமல் நினைவு அன்றிலிருந்து என்னை விடவில்லை. வருஷம் முழுக்க இருமுவார். பீடி என்று பேசிக்கொள்வோம். அவர் பீடி பிடித்து நான் பார்த்ததே இல்லை.

வகுப்பு நேற்று நடந்தது. காத்ரின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எதையும் முகரக் கூடாது என்றேன். செல்வம் அண்ணனை நினைத்துக்கொண்டு மனதாரச் சொன்னேன். பலகையில் பீனாலின் வளையத்தை வரைந்ததும் முன்வரிசைப் பெண் கேட்டாள்: "இது எப்படி மணக்கும்?"

தெரியாது என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே என் வலது கை எழுந்து, இல்லாத குடுவையின் மேல் காற்றை விசிறத் தொடங்கியிருந்தது. பாதி வழியில் பிடித்து இறக்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வகுப்பு முடியும்வரை அதை வெளியே எடுக்கவில்லை.