சண்டை பிடிக்க ஒரு மொழி

பிள்ளைகளே, உங்கள் சிநேகிதர்கள் வீட்டுக்கு வந்தால் எங்கள் அப்பாவுக்கு வெல்ஷ் தெரியும் என்று சொல்லி, என்னை இரண்டு வசனம் பேசவைத்துச் சிரிக்கிறீர்கள். நானும் பேசுகிறேன். ஆனால் வேல்ஸ் பக்கமே போகாத மனிதன் அந்த மொழியை ஏன் படித்தான் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் எழுதிவைக்கிறேன். எனக்குப் படிப்புக் குறைவு. பிழை இருந்தால் அம்மாவிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்து கிளென் ஈடனில் வாடகைக்கு இருந்தபோது, பக்கத்து வீட்டில் வேல்ஸிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். இரண்டு பேரும் பெயின்டர்கள், இரண்டு பேரும் கல்யாணம் கட்டாதவர்கள். வேலை முடிந்து வந்தால் பின்வாசல் படியில் தேநீரோடு உட்கார்ந்து தங்கள் மொழியில் சண்டை பிடிப்பார்கள். முதல் கிழமை அம்மா, கொலை விழப்போகிறது என்று யன்னல் திரையை இழுத்துவிட்டாள். பிறகுதான் கவனித்தோம், ஒவ்வொரு சண்டையும் சிரிப்பில்தான் முடிந்தது. கொஞ்ச நாளில் அவர்கள் சத்தம் கேட்டால் உலை வைக்கிற நேரம் என்றாகிவிட்டது.

ஒரு மாரியில் அண்ணன்காரர் வேலையிடத்திலேயே நெஞ்சு வலி வந்து போய்விட்டார். நான் ஒருவரிடம் கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு செத்த வீட்டுக்குப் போனேன். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: செத்த வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. தம்பியார் வாசல்வரை வந்து கையை நீட்டினார். நான் ஒரு சொல்லும் சொல்லாமல், முகத்தையும் பார்க்காமல், விறுவிறென்று வந்துவிட்டேன். முறையாக நடந்துகொண்டேன் என்று எனக்குத் திருப்தி. அதன்பிறகு அவர் வேலிக்கு மேலால் தலையை மட்டும் ஆட்டினார். துக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

எங்கள் முறைப்படி முப்பத்தோராம் நாள் வந்தது. அம்மா வடை சுட்டுப் பாயசமும் வைத்து தம்பியாருக்கென்று என்னிடம் கொடுத்துவிட்டாள். அவர் முதலில் தயங்கினார், பிறகு நின்ற நிலையிலேயே நாலைந்து வடை சாப்பிட்டார். செத்த வீட்டுத் துடக்குக் கழிந்துவிட்டது, இனிச் சொல்லிக்கொண்டு போகலாம் அல்லவா? அன்றைக்குச் சொல்லாமல் வந்ததற்கும் சேர்த்து, நான் போய்விட்டு வருகிறேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் முழுக்க அவர் குசினி விளக்கு எரிந்தது, பின்கதவும் திறந்தே கிடந்தது. அந்தக் குளிரில் ஹீட்டர் சூடு வெளியே போகிறதே என்று அம்மா அங்கலாய்த்தாள். மறுநாள் காலை அவர் வேலியடியில் நின்றார். ஆங்கிலத்தில் அவர் கேட்டதை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்: "வாறன் எண்டுதானே சொன்னனீ? தேத்தண்ணிக்கு வச்ச தண்ணி கொதிச்சுக் கொதிச்சே வத்திப்போச்சு."

எனக்கு நிலத்துக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது. போகிறேன் என்று மொட்டையாகச் சொல்வது எங்களுக்கு ஆகாது, அதனால்தான் வருகிறேனையும் சேர்த்துக்கொள்வோம் என்று விளங்கப்படுத்தினேன். அப்படியென்றால் அன்றைக்கு ஏன் கையைக்கூடப் பிடிக்காமல் ஓடினாய் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார்.

"அப்ப நீங்கள் வராமல் விடுறதெண்டா வாறன் எண்டு சொல்லுவியள். திரும்பி வாறதெண்டா ஒண்டும் சொல்லாமல் ஓடுவியள்."

வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் வேலியே ஆடியது. சிரித்து முடித்ததும், ஏதோ கோபத்தில் நான் முகம் திருப்பியதாக அவர் இவ்வளவு நாளும் நினைத்திருந்ததாகச் சொன்னார். பிறகு மெதுவாக ஒன்று சொன்னார். அண்ணன் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாமாம். ஆனால் முந்தின நாள் குசினிச் சாமான் ஒன்றின் பெயர் வெல்ஷில் ஞாபகம் வரவில்லையாம், கேட்க ஆளில்லையாம். இப்படியே ஒவ்வொன்றாகப் போய்விடும் என்று பயமாக இருக்கிறதாம்.

"சண்டை பிடிக்கவும் ஆளில்லை. இங்கிலீஷில சண்டை பிடிச்சா எனக்கு உண்மையா கோபம் வந்திடுது."

அன்று பின்னேரமே போய், எனக்குச் சொல்லித் தாருங்கள் என்று கேட்டேன். பாவம் பார்த்து மட்டும் கேட்டேன் என்றால் அது பொய். நான் வேலை செய்த பெட்டித் தொழிற்சாலையில் எல்லோரும் என்னோடு செவிடனோடு பேசுவதுபோல உரக்க, ஒவ்வொரு சொல்லாகப் பேசுவார்கள். ஒரு சொல் பிசகினால் நாலு பேர் திருத்த வருவார்கள். வெல்ஷில் அந்தத் தொல்லை இல்லை. நான் பிழை விட்டால் கண்டுபிடிக்கக்கூடியவர் ஒரே ஒருவர், அவருக்கோ பிழை விட்டாலும் சந்தோஷம். அதோடு அந்தத் தெருவிலேயே இரண்டாவது சிறந்த வெல்ஷ்காரன் நான்தான். மனிதனுக்கு அப்படி ஒரு பெருமையும் வேண்டியிருக்கிறதே.

அம்மாவிடம் சொன்னபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "இஞ்சேருங்கோ, டெயரிக் கடைக்குப் போய்ப் பால் வாங்கிறதுக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறீங்கள். இதுக்குள்ள இன்னொரு பாஷையோ?"

புத்தகம் ஒன்றும் இருக்கவில்லை. அவர் குசினிச் சாமான் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார், நான் பேரைச் சொல்ல வேண்டும். தேநீர் ஒரு கோப்பைக்குப் பானெட் என்று பேர். தொண்டையில் உரசி வரும் ஓர் ஒலி அவர்களிடம் உண்டு. நாங்கள் மகன் என்று சொல்லும்போது நடுவில் வருகிறதே, கிட்டத்தட்ட அது. உடனே வந்துவிட்டது. இன்னொன்றுக்கு நாக்கை மேலே ஒட்டிப் பக்கத்தால் காற்றை ஊத வேண்டும். அது எனக்கு மாதக்கணக்காக வரவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையெல்லாம் எச்சில் தெறிக்க ஊதி அம்மாவிடம் அடி வாங்கினீர்கள்.

காலை வணக்கம், நன்றி எல்லாம் பிறகு, முதலில் இல்லை என்று சொல்லப் பழகு என்பதுதான் அவர் வைத்த முதற்பாடம். சண்டைக்கு அதுதானே அத்திவாரம். அவருடைய தேசி மரத்தின் ஒரு கிளை எங்கள் பக்கம் சாய்ந்திருந்தது. ஒருநாள் விழுந்த பழங்களை நான் ஊறுகாய்க்குப் பொறுக்கும்போது, தன் பழம் என்று அவர் வெல்ஷில் சொன்னார். இல்லை, என் பழம் என்று நானும் வெல்ஷில் சொன்னேன். அவ்வளவுதான். மனிதர் முகம் சிவந்து, கையை வீசி, மூச்சு விடாமல் பொழிந்து தள்ளினார். அதில் எனக்கு மரம், கள்ளன் என்ற இரண்டு சொல்தான் விளங்கியது. இல்லை, இல்லை என்று விடாமல் நின்றேன். முடிவில் இரண்டு பேரும் சிரித்தோம். உள்ளே அம்மா பழக்கதோஷத்தில் உலையை வைத்துவிட்டாள்.

அதன்பின் பல வருஷம் சண்டை பிடித்தோம். ரக்பிக்கு, மழைக்கு, தேநீர்ச் சாயத்துக்கு. உண்மையைச் சொன்னால், அந்த மொழியில் எனக்கு ஒரு மனிதரை மரியாதையாக வரவேற்க இன்றைக்கும் வராது. உன் தேநீர் வெறும் சுடுதண்ணி என்று பிசகில்லாமல் சொல்ல வரும்.

எண்பதுகள் முடியும் நேரம் வேல்ஸில் இருந்த அவருடைய தமக்கை வரச் சொல்லிக் கேட்டார். அவர் வீட்டை விற்க ஆயத்தமானார். போகாதே என்று நான் வெல்ஷில் சண்டை பிடித்தேன். அங்கே சண்டை பிடிக்க ஓர் ஊரே இருக்கிறது என்றார். அதற்கு மட்டும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போகிற அன்று டாக்ஸி வாசலில் நின்றது. நான் அவர் பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பினேன். அவர் என் கையைப் பிடித்து, திருத்தமான தமிழில், "போயிட்டு வாறன்" என்றார். பின்னால் நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதில், யார் சொல்லிக் கொடுத்தது என்று விளங்கியது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் நீங்கள் அவருக்குத் தமிழ் படிப்பித்திருக்கிறீர்கள். அதை யார் எப்போது சொல்வார்கள் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். வேலியடியில் நின்று எனக்கே விளக்கியவர் அல்லவா.

பின்னேரம் அம்மா உங்களை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். இரண்டு கோப்பை எடுத்து, ஒன்றில் அவருக்குப் பிடித்த மாதிரிக் கடும் சாயமாக ஊற்றி மேசையில் வைத்தேன். பின்கதவைத் திறந்துவிட்டு உட்கார்ந்து என்னுடையதைக் குடித்தேன். நல்ல குளிர். உங்கள் கார்ச் சத்தம் கேட்கும்வரை கதவைச் சாத்தவில்லை.